ஏற்றத்தில் மட்டும் மிஸ்ஸிங்

அப்பாவின் 1986 மாடல் பிரீமியர் பத்மினி இப்போது என்னிடம் இருக்கிறது. 1089 சிசி, நாலு சிலிண்டர், ஸ்டியரிங் பக்கத்திலேயே கியர். அதுக்கு என்ன கோளாறு வந்தது, எப்படிச் சரியானது என்று ஒரு நோட்டில் எழுதி வைப்பது அப்பாவின் பழக்கம். அவருக்குப் பிறகு நான் தொடர்கிறேன். போன வருஷம் வந்த ஒரு கோளாறு மட்டும் அந்த நோட்டில் பதினோரு பக்கம் பிடித்திருக்கிறது. அதைச் சுருக்கி எழுதுகிறேன். பழைய கார்புரேட்டர் வண்டி வைத்திருக்கும் யாருக்காவது பயன்படலாம் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், அந்தக் கோளாறு விஷயத்தில் ஒரு மனுஷனை நான் தப்பாகப் பேசிவிட்டேன். அதையும் எழுதி வைக்க வேண்டும்.

அம்மாவுக்கு ஏற்காட்டில் சேர்வராயன் கோயிலுக்குப் போக வேண்டும் என்று ஆசை. மலை ஏறுகிறோமே என்று கிளம்புவதற்கு முந்தின வாரம் வண்டியைத் தயார் செய்தோம். எங்கள் மெக்கானிக் கார்புரேட்டரைக் கழற்றி, ஜெட்டுகளை ஊதி, சுத்தம் பண்ணிக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை நானே உட்கார்ந்து நாலு பிளக், ரோட்டர், பெட்ரோல் ஃபில்டர் எல்லாம் புதுசு மாற்றினேன். ஊருக்குள் ஓட்டிப் பார்த்தேன். தையல் மிஷின் மாதிரி ஓடியது.

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு இருபது கொண்டை ஊசி வளைவுகள். அடிவாரம் தாண்டி ஏற்றம் ஆரம்பித்ததுமே வண்டி திணற ஆரம்பித்தது. ஆக்சிலேட்டரை அழுத்தினால் டப் டப்பென்று சைலன்சரில் வெடி. முன்னும் பின்னுமாக ஒரே உதறல். காலை எடுத்தால் உடனே சரியாகிவிடும். அழுத்தினால் மறுபடி. மெதுவாக உருட்டிக்கொண்டே போய், பதினோராவது வளைவில், மேலே இருந்து ஒரு பஸ் இறங்கி வருகிற நேரத்தில் வண்டி நின்றே போனது. எழுபது வயசில் அம்மா இறங்கி ஓடி, ரோட்டோரத்துக் கல்லை எடுத்து வந்து பின் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தார். பஸ் டிரைவர் நிறுத்தி, நாங்கள் ஓரம் கட்டும்வரை பொறுமையாக இருந்தார். நாங்கள் கோயிலுக்குப் போகவில்லை. திரும்பி இறங்கும்போது அம்மா சொன்னது ஒரே வரி: "அப்பா ஓட்டின வண்டிதான், ஆனா இனிமே இதுல நான் ஏற மாட்டேன்."

மறுநாள் நேராக மெக்கானிக்கிடம் போய், அவர் கடைப் பையன்கள் முன்னாடியே, "கார்புரேட்டர என்னண்ணே பண்ணி வச்சிருக்கீங்க, நடு வளைவுல நின்னுடுச்சு" என்று சத்தம் போட்டேன். அவர் வண்டியை ஸ்டார்ட் பண்ணி, ரேஸ் பண்ணிப் பார்த்தார். மிஸ்ஸிங் இல்லை. "கார்புரேட்டர் சுத்தமாத்தான் இருக்கு தம்பி. வேற எங்கயோ இருக்கு, விட்டுட்டுப் போங்க பாக்கறேன்" என்றார். நான் விட்டுவிட்டுப் போகவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு வேறு கடைக்குப் போனேன். அங்கே பானெட்டைத் திறந்து பார்த்தவுடனே, ரிங்கு போயிடுச்சு, இன்ஜின் இறக்கி போர் பண்ணணும், 40,000 ஆகும் என்றார்கள். அந்தக் காசுக்கு வண்டியைக் காயலான் கடைக்குப் போட்டுவிடலாம் என்று வீட்டில் பேச்சு வந்தது.

அப்போதுதான் நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

லோடு என்றால் என்ன

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். நியூட்ரலில் ரேஸ் பண்ணிப் பார்த்து "நல்லாத்தானே இருக்கு" என்று சொல்வது எல்லாக் கடையிலும் நடக்கும். நானும் அதைத்தான் செய்திருந்தேன். வேகமும் லோடும் ஒன்று என்று நினைப்பதால் வருகிற தப்பு இது.

நியூட்ரலில் இன்ஜின் தன்னைத்தானே சுற்றிக்கொண்டால் போதும். 3000 சுற்றுக்குக்கூட த்ராட்டில் கொஞ்சம்தான் திறந்திருக்கும். சிலிண்டருக்குள் போகிற காற்றும் பெட்ரோலும் குறைவு. அதை அழுத்தும்போது உண்டாகிற அழுத்தமும் குறைவு. அதே 3000 சுற்றில் செகண்ட் கியரில் மலை ஏறும்போது த்ராட்டில் முழுசாகத் திறந்திருக்கும். சிலிண்டர் நிறையக் கலவை வந்து விழும். பிளக்கில் பொறி விழ வேண்டிய நேரத்தில் உள்ளே அழுத்தம் பல மடங்கு கூடியிருக்கும்.

அழுத்தம் கூடினால் பொறி தாண்டுவது கஷ்டம். பிளக்கின் இரண்டு முனைக்கும் நடுவே இருக்கிற இடைவெளி அதேதான், ஆனால் அதற்குள் காற்று நெருக்கமாக அடைந்திருக்கிறது. ஐடிலில் சில ஆயிரம் வோல்ட்டில் தாண்டுகிற பொறிக்கு, ஏற்றத்தில் அதைப்போல இரண்டு மடங்கு வேண்டியிருக்கும். அதனால் காயில், ஒயர், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, ரோட்டர் இவற்றில் எங்கே பலவீனம் இருந்தாலும் அது ஐடிலில் தெரியாது. ஏற்றத்தில் காட்டிக்கொடுக்கும்.

பெட்ரோல் பக்கமும் அப்படித்தான். ஐடிலில் தனிச் சின்ன ஜெட் வழியாக ஓடுகிற வண்டி, ஏற்றத்தில் மெயின் ஜெட்டை நம்பி இருக்கிறது. பம்ப் அனுப்புவதைவிட இன்ஜின் குடிப்பது அதிகமானால் ஃப்ளோட் கிண்ணம் காலியாகும். அதுவும் ஐடிலில் தெரியவே தெரியாது.

ஆகவே "லோடில் மட்டும் மிஸ்ஸிங்" என்றால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: பொறியா, பெட்ரோலா?

ரிங்கு இல்லை என்று எப்படித் தெரிந்தது

அதற்கு முன் அந்த 40,000 விஷயத்தை முடிக்க வேண்டியிருந்தது. ரிங்கோ வால்வோ போய் அழுத்தம் கசிந்தால், அது மெதுவாகச் சுற்றும்போதுதான் அதிகம் தெரியும், ஏனென்றால் கசிவதற்கு நேரம் நிறைய இருக்கிறது. ஐடில் ஆடும், காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும். என் வண்டியில் இரண்டும் இல்லை. ஒரு நண்பரிடம் கம்ப்ரஷன் கேஜ் வாங்கி, நாலு பிளக்கையும் கழற்றி, த்ராட்டிலை முழுசாகத் திறந்து வைத்துச் சுற்றிப் பார்த்தேன். நாலு சிலிண்டரும் கிட்டத்தட்ட ஒரே அளவு. இன்ஜினை இறக்க வேண்டிய அவசியம் இல்லை என்று அன்றைக்கே முடிவாகிவிட்டது. அரை மணி நேர வேலை. யார் இன்ஜினை இறக்கச் சொன்னாலும் இதை முதலில் கேளுங்கள்.

பொறியா, பெட்ரோலா

இரண்டுக்கும் நடத்தையில் வித்தியாசம் உண்டு. பெட்ரோல் பற்றாக்குறை மெல்ல வரும். ஏற்றத்தில் சில விநாடி இழுத்த பிறகு மூச்சு வாங்குகிற மாதிரி வேகம் குறையும், காலை எடுத்துக் கொஞ்சம் ஓய்வு கொடுத்தால் கிண்ணம் நிரம்பி மறுபடி ஓடும். கலவை மெலிந்து போனால் கார்புரேட்டர் வழியாகவே புஸ் புஸ்ஸென்று தும்மும். பொறிக் கோளாறு அப்படி இல்லை. அழுத்தின அந்த நொடியே வரும், விட்ட அந்த நொடியே போகும். எரியாத பெட்ரோல் சைலன்சருக்குப் போய் அங்கே வெடிக்கும்.

இந்தக் கணக்கில் என் வண்டி பொறிப் பக்கம்தான் நின்றது. ஆனால் நான் கார்புரேட்டர் என்று முடிவு கட்டிவிட்டேனே. அதனால் கார்புரேட்டருக்குச் சாதகமான சாட்சியைத் தேடிப் போனேன். அதுவும் கிடைத்தது.

சோக் சோதனை என்று ஒன்று உண்டு. மிஸ்ஸிங் அடிக்கும்போதே சோக்கைப் பாதி இழுத்துப் பார்ப்பது. சோக் காற்றைக் குறைத்துக் கலவையைக் கெட்டியாக்கும். மிஸ்ஸிங் நின்றால் கலவை மெலிந்திருக்கிறது என்று அர்த்தம்: ஜெட் அடைப்பு, ஃப்ளோட் மட்டம் குறைவு, ஏசி பம்ப் டயாஃப்ரம் கிழிசல், ஃபில்டர் அடைப்பு, மேனிஃபோல்ட் கேஸ்கெட்டில் காற்று இழுப்பு இவற்றில் ஏதோ ஒன்று. அடிவாரத்து ஏற்றத்தில் இழுத்துப் பார்த்தேன். கொஞ்சம் குறைந்தது. "பாத்தியா, கார்புரேட்டர்தான்" என்று நோட்டில் கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறேன்.

அந்த வரிக்குக் கீழே பிறகு எழுதிய திருத்தம் இது. மெலிந்த கலவையைத் தாண்ட பொறிக்கு அதிக வோல்ட் வேண்டும். கொஞ்சம் கெட்டியான கலவைக்குக் குறைவாகப் போதும். ஆகவே சோக் இழுத்தால் பலவீனமான பொறிக்கும் லேசாக உதவி கிடைக்கும். மிஸ்ஸிங் சுத்தமாக நின்றால் மட்டுமே அது பெட்ரோல் கோளாறுக்கு நல்ல சாட்சி. "கொஞ்சம் குறைந்தது" என்பது எதையும் நிரூபிக்காது. நான் அரைகுறை 'ஆமாம்' ஒன்றை முழு 'ஆமாம்' ஆக்கிக்கொண்டேன்.

இப்போது வருகிற பெட்ரோலும் இதில் சேர்ந்துகொள்கிறது. நாட்டில் 2022-இல் பத்து சதவீதம், 2025-இல் இருபது சதவீதம் என்று எத்தனால் கலப்பு ஏறியிருக்கிறது. எத்தனாலிலேயே ஆக்ஸிஜன் இருப்பதால், அதே ஜெட்டில் கலவை கொஞ்சம் மெலிந்து போகும். கம்ப்யூட்டர் வைத்த வண்டி தானே சரிசெய்துகொள்ளும். கார்புரேட்டருக்கு அந்த அறிவு கிடையாது. பழைய ரப்பர் குழாயையும் பம்ப் டயாஃப்ரத்தையும் அது ஊற வைத்துக் கெடுக்கவும் செய்யும். அதனால் பெட்ரோல் பக்கத்தையும் முறையாகப் பார்த்தேன். கார்புரேட்டருக்கு வரும் குழாயைக் கழற்றி ஒரு பாட்டிலில் விட்டு, காயில் ஒயரைக் கழற்றி வைத்து ஸ்டார்ட்டரைச் சுற்றினேன். பம்ப் ஒவ்வொரு அடிக்கும் தெளிவாகப் பீய்ச்சியது. ஃபில்டர் சுத்தம். ஃப்ளோட் மட்டம் சரி. ஜெட்டுகளை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன், கண்ணாடி மாதிரி இருந்தன. மெக்கானிக் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அப்போதே போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

கோடை வெயிலில் ஏசி பம்ப் சூடாகி, உள்ளே பெட்ரோல் ஆவியாகி அடைத்துக்கொள்வதும் உண்டு. அதற்குப் பம்ப் மேல் ஈரத்துணி போட்டுப் பார்ப்பது பழைய டிரைவர்களின் வழி. விடிகாலை ஐந்து மணிக்கு, இன்ஜின் இளஞ்சூட்டில் இருக்கும்போதே அடிவாரம் போய் ஏறிப் பார்த்தேன். அப்போதும் அதே டப் டப். வெயில்மேல் பழியில்லை.

காசில்லாத ஒரு சோதனை

திருப்பம் ஒரு ஃபில்லர் கேஜில் வந்தது. பிளக்குகளின் கேப் 0.6 மி.மீ. வைத்திருந்தேன். நாலையும் தட்டி 0.4-க்குக் குறைத்தேன். கேப் குறைந்தால் தாண்டத் தேவையான வோல்ட் குறையும். பெட்ரோல் பக்கம் எதையும் தொடவில்லை. அன்றைக்கு அதே ஏற்றத்தில் மிஸ்ஸிங் பெருமளவு போய்விட்டது. ஆக்சிலேட்டரைக் கடைசிவரை அழுத்தினால்தான் வந்தது.

இதற்கு அர்த்தம் ஒன்றுதான். காயிலிலிருந்து பிளக் வரைக்கும் போகிற உயர் வோல்ட் பாதையில் எங்கோ பலம் போதவில்லை. 0.4 நிரந்தரத் தீர்வு கிடையாது, பொறி சின்னதாகிவிடும். ஆனால் எந்தப் பக்கம் தேட வேண்டும் என்று அது காட்டிவிட்டது.

அந்தப் பாதையில் இருப்பவை காயில், நடு ஒயர், மூடி, ரோட்டர், நாலு பிளக் ஒயர், நாலு பிளக். பாயிண்ட்டும் கண்டென்சரும் அதற்குத் தீனி போடுபவை. நாலு சிலிண்டர் இன்ஜினுக்கு 3000 சுற்றில் விநாடிக்கு 100 பொறி வேண்டும். பாயிண்ட்டிலோ கண்டென்சரிலோ கோளாறு என்றால் வழக்கமாக வேகம் கூடும்போது தெரியும், நியூட்ரலில் ரேஸ் பண்ணினாலே பிடிபடும். என் வண்டி ரேஸில் சுத்தமாக இருந்தது. பாயிண்ட் முகமும் கருகவில்லை, கேப் 0.4 இருந்தது.

ஒரு பிளக்கோ ஒரு பிளக் ஒயரோ கெட்டிருந்தால் உதறலுக்கு ஒரு தாளம் இருக்கும், நாலில் ஒன்று விடும். என் வண்டியின் உதறல் தாளமே இல்லாமல் இருந்தது. எல்லா சிலிண்டருக்கும் பொதுவான இடத்தில் கோளாறு என்றால்தான் அப்படி வரும். காயில், நடு ஒயர், மூடியின் நடுப்பகுதி, ரோட்டர். இருட்டில் பானெட்டைத் திறந்து வைத்து ரேஸ் பண்ணிப் பார்த்தேன், ஒயர்களில் நீலப் பொறி எதுவும் ஓடவில்லை. மூடிக்குள் பென்சில் கோடு மாதிரி கருப்புத் தடம் இருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. பக்கத்துத் தெரு பத்மினியிலிருந்து காயிலும் நடு ஒயரும் கடன் வாங்கி மாட்டினேன். மாற்றமில்லை.

மிச்சம் இருந்தது ரோட்டர். அதைப் பட்டியலிலேயே நான் எழுதவில்லை. ஏன் எழுதவில்லை? "ரோட்டர்தான் புதுசாச்சே!"

ஏரிக்கரையும் எலி வளையும்

ரோட்டர் ஒரு சின்னப் பிளாஸ்டிக் துண்டு, மேலே பித்தளைத் தகடு. காயிலிலிருந்து நடு ஒயர் வழியாக வருகிற உயர் வோல்ட்டைச் சுற்றிச் சுற்றி ஒவ்வொரு பிளக் ஒயருக்கும் பங்கு போடுவது அதன் வேலை. அது உட்கார்ந்திருப்பது டிஸ்ட்ரிபியூட்டரின் இரும்புத் தண்டு மேல். அந்தத் தண்டு எர்த். பித்தளைக்கும் தண்டுக்கும் நடுவே சில மில்லிமீட்டர் பிளாஸ்டிக்தான் காவல்.

அந்தப் பிளாஸ்டிக்கில் கண்ணுக்குத் தெரியாத ஒரு ஊசித்துளை இருந்தால் என்ன ஆகும்? ஏரிக்கரையில் மதகும் இருக்கிறது, கொஞ்சம் மேலே ஒரு எலி வளையும் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் மட்டம் தாழ்வாக இருக்கும்போது மதகு வழியாக மட்டும் போகும், எலி வளை இருப்பதே தெரியாது. மதகை அடைத்தால் மட்டம் ஏறும். வளையின் வாயைத் தொட்டதும் தண்ணீர் முழுக்க அந்தப் பக்கம் பாயும். இங்கே மட்டம் என்பது வோல்ட். மதகு என்பது பிளக். ஐடிலில் பிளக் சீக்கிரமே தாண்டிவிடுவதால் வோல்ட் ஏறுவதே இல்லை. ஏற்றத்தில் பிளக் தாண்ட மறுக்கும்போது வோல்ட் ஏறி ரோட்டரின் துளை வழியாகத் தண்டுக்குப் போய்விடுகிறது. அந்தச் சுற்றில் பிளக்குக்குப் பொறி இல்லை. எல்லாமே மூடிக்குள் நடப்பதால் இருட்டில் பார்த்தாலும் தெரியாது.

சோதிப்பது எளிது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி ரோட்டரை அதன் இடத்திலேயே விட வேண்டும். நடு ஒயரை மூடியிலிருந்து பிடுங்கி, அதன் நுனியை ரோட்டரின் பித்தளைக்கு மேல் 4 மி.மீ. உயரத்தில் பிடிக்க வேண்டும், நன்றாக உறை போட்ட கட்டிங் பிளேயரால். கையால் பிடித்தால் ஷாக் தூக்கி அடிக்கும். பெட்ரோல் ஈரம் பக்கத்தில் இருக்கக் கூடாது. யாரையாவது ஸ்டார்ட்டரைச் சுற்றச் சொல்ல வேண்டும். ரோட்டர் நல்லதாக இருந்தால் பொறி போவதற்கு வழியில்லை, அதிகபட்சம் மெலிசாக ஒன்று மினுங்கலாம். கெட்டிருந்தால் ஒவ்வொரு தடவையும் பட் பட்டென்று நீலப் பொறி ரோட்டருக்குத் தாவும். நாலைந்து சுற்றுப் போதும், அதற்குமேல் காயிலைச் சோதிக்க வேண்டாம்.

என் புது ரோட்டருக்கு அழகாகத் தாவியது.

பழைய ரோட்டரை டேஷ்போர்டு பெட்டிக்குள் போட்டு வைத்திருந்தேன். உப்புத்தாளால் பித்தளையை லேசாகத் தேய்த்து மாட்டினேன். அதே சோதனையில் பொறி தாவவில்லை. பிளக் கேப்பை மறுபடி 0.6-க்குக் கொண்டுவந்து மலை ஏறினேன். ஐந்து வளைவு, ஒரு உதறல் இல்லை. அங்கேயே ஓரம் கட்டி, புது ரோட்டரை மாட்டி ஓட்டினேன். உடனே மிஸ்ஸிங். மறுபடி பழையதை மாட்டினேன். போய்விட்டது. இந்தக் கடைசி இரண்டு படியைத் தயவுசெய்து விடாதீர்கள். ஒரு சாமானை மாற்றியதும் சரியாவது தற்செயலாக இருக்கலாம். திருப்பிப் போட்டால் கோளாறும் திரும்பி வருகிறது என்றால்தான் பிடிபட்டது என்று அர்த்தம்.

நோட்டில் எழுதிக்கொண்டது

ஒரே வாரத்தில் இரண்டு பேர் வண்டியில் கை வைத்தோம். கோளாறு வந்ததும், இன்னொருத்தர் செய்த வேலையை நான் சந்தேகப்பட்டேன், நான் செய்ததைச் சந்தேகப்படவில்லை. அதிலும் "புதுசு" என்ற சொல் என் கண்ணை மறைத்துவிட்டது. புதுசு என்றால் இன்னும் சோதிக்கப்படாதது என்றுதான் அர்த்தம். பழைய ரோட்டர் அந்த மலையை எத்தனையோ தடவை ஏறி, பரீட்சையில் தேறிய சாமான். கழற்றியது நன்றாக இருந்தால் தூக்கிப் போடாமல் வண்டியிலேயே வையுங்கள். கோளாறு வந்தால் கடைசியாக எதை மாற்றினீர்களோ அதிலிருந்து ஆரம்பியுங்கள், மாற்றியது நீங்களாகவே இருந்தாலும். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நான் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் மூணு சாமான் மாற்றியதுதான் ஜூன் வரை இழுத்தது.

மெக்கானிக் கடைக்குப் போனேன். அன்றைக்குச் சத்தம் போட்டது பையன்கள் முன்னாடி, அதனால் இதையும் அவர்கள் இருக்கும்போதே சொன்னேன். "கார்புரேட்டர் சரியாத்தாண்ணே இருந்துச்சு. ரோட்டர் நான் போட்டது. தப்பு என்மேல, மன்னிச்சிருங்க." அவர் ரோட்டரை வாங்கி வெயிலில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "விட்டுட்டுப் போயிருந்தா ஒரு மணி நேரத்துல பாத்திருப்பேனே தம்பி" என்றார். டீ சொன்னார்.

அம்மாவிடம் வண்டி சரியாகிவிட்டது என்று சொன்னேன். "நீ மொதல்ல தனியா மேல வரைக்கும் போயிட்டு வா, அப்புறம் பாக்கலாம்" என்றார். மூன்று தடவை போய் வந்தேன். நாலாவது தடவை கிளம்பும்போது முன் சீட்டில் அம்மா உட்கார்ந்திருந்தார், காலடியில் அந்த முட்டுக் கல்.